மாப்பிள்ளை ரத்தத்தில் ஆடு

"எங்க பரம்பரை ரத்தம் பத்தரைமாத்துத் தங்கம். உன் மெஷின்ல போட்டுப் பாரு, அப்புறம் கல்யாணப் பேச்சை எடு" என்று மகனின் ரத்தம் இருந்த சோதனைக் குழாயை மேசைமேல் வைத்தாள் காதலனின் அம்மா.

மூன்று வருடமாக அந்தக் காதலனுக்காகவே காத்திருந்த ஆய்வகப் பெண், ரத்தத்தின் புரதங்களைத் துண்டாக்கி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஏற்றினாள். துண்டுகளின் எடையை வைத்து அது புரதங்களின் பெயரைச் சொல்லிவிடும்.

முந்நூறு பெயர்கள் வந்தன. கடைசியில் ஒன்று: செம்மறியாட்டு ரோமப் புரதம்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவசரத்தில் மேலங்கி போட மறந்து, கம்பளிச் சட்டையோடே வேலை செய்திருந்தாள். அதிலிருந்து உதிர்ந்த இழைதான்!

"ஆடா?" திரையை எட்டிப் பார்த்த அத்தை நாற்காலியில் சரிந்தாள். "அதான் கீரையைக் கண்டா விடமாட்டேங்கிறான்!"

"ஐயோ, தப்பு என்னோடது அத்தை. என் ஸ்வெட்டர்..."

"பழியை உன் தலையில போட்டுக்காத கண்ணு. அவங்கப்பா தூக்கத்துல கத்துறதுக்கும் இப்பத்தான் அர்த்தம் புரியுது."

"அது என் ஸ்வெட்டர் நூல்தான் அத்தை, இன்னொரு தடவை சோதிச்சுப் பார்க்கலாம்."

"வேண்டவே வேண்டாம்! வெளிய தெரிஞ்சா இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? வர்ற வெள்ளிக்கிழமையே கல்யாணத்தை முடிச்சிடுவோம்."

இரண்டு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மூன்றாவது தடவை அவள் வாய் திறக்கவில்லை.