மூன்றரை மணிப் படகின் பச்சை

மூன்றரை மணிப் படகு ரத்து, எஞ்சின் கோளாறு. படகு நிறுவனத்தார் மூன்று மணிக்கே சொல்லிவிட்டார்கள். கொச்சி அலுவலகத்தில் ஷின்சிக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: அவர்களுக்காக அவள் செய்த இணையப் பக்கத்தில் அந்தப் படகின் வரியைச் சிவப்பாக்க வேண்டும். ‘ரத்து’ என்று ஒரு கிளாஸ், அதாவது எத்தனை வரிக்கும் பொதுவாக வைக்கக்கூடிய தோற்றக் குறிப்பு, எழுதி, சிவப்பு நிறம் கொடுத்து, வரியில் சேர்த்தாள். வரி, படகு உண்டு என்று சொல்லும் பச்சையாகவே நின்றது.

சேமித்தாள், புதுப்பித்தாள், வேறு பிரவுசரில் திறந்தாள். பச்சைதான். எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தும் ஒரு பிழை அகப்படவில்லை. தப்பு இருந்தால் திருத்தலாம், இல்லாத தப்பை எங்கே போய்த் தேடுவது? வைப்பின் தீவுப் படகு ஜெட்டியில் இந்தப் பச்சையை நம்பி ஆட்கள் நிற்பார்களே என்று மறுபடி முதலிலிருந்து படித்தாள். நல்லவேளை, அங்கிருந்து எலும்பு டாக்டரிடம் போகவேண்டிய அவள் அப்பா, அப்பச்சன், பஸ்ஸில் போவதாகக் காலையிலேயே சொல்லியிருந்தார்.

பக்கத்து நாற்காலி சனூப் எட்டிப் பார்த்தான்.

“முத வரியை அப்படியே காப்பி பண்ணி ஒட்டிட்டியா? பதினொரு வரிக்கும் ஒரே ஐடி. ஒரு ஆதார் நம்பரை பதினொரு பேருக்குக் குடுப்பியா நீ?”

“அப்ப எல்லாம் எப்படிடா பச்சையாச்சு?”

“பிரவுசர் பாவம், கேள்வி கேக்காம வரைஞ்சு குடுத்துரும். ஆனா ஐடி பச்சைன்னு சொன்னப்புறம் கிளாஸ் பேச்சு எடுபடாது. ஒரே மாதிரி வரிக்கெல்லாம் கிளாஸ்தான் வைக்கணும்.”

பதினொன்றையும் கிளாஸாக மாற்றினாள். மறுபடியும் பச்சை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ரெண்டும் கிளாஸ்னா கீழ எழுதினதுதான் ஜெயிக்கும். நீ சிவப்பை மேல வெச்சிருக்க” என்றான் சனூப்.

சிவப்பைக் கீழே இறக்கினாள். வரி சிவந்தது. மணி நாலேகால். அப்பாடா என்று சாய்ந்தபோது போன் அடித்தது, அப்பச்சன்.

“மோளே, இப்பத்தான் சிவப்பாச்சு.”

“நீங்க பஸ்ல போகலையா அப்பச்சா?”

“முட்டி வலியோட பஸ்ல எங்க நிக்கறதுன்னு உன் பக்கத்தைப் பாத்தேன். பச்சையா இருந்துச்சு, ஜெட்டிக்கு வந்துட்டேன்.”

“டாக்டர் நாலு மணிக்குக் கிளம்பிடுவாரே.”

“கிளம்பியிருப்பார். படகு வராதுன்னு இங்க எல்லாரும் அப்பவே போயிட்டாங்க. எம் மக எழுதினது தப்பாகாதுன்னு அவங்ககிட்ட சண்டை போட்டுட்டு, நான் மட்டும் உக்காந்திருக்கேன்.”