முதலில் விழுந்த கல்

"தலையைத் தொங்கவிடாதடி, பிடி" என்றாள் அம்மா உல்யானா.

ஃபைனா அப்பாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அம்மா நனைந்த விரிப்பை உருவிவிட்டு உலர்ந்ததைச் செருகினாள். எண்ணெய்க் கிணறு தோண்டுகிற மேடைகளில் தோண்டியெடுத்த கல்லுருளைகளைப் பெட்டியில் அடுக்கி இருபத்தாறு வருஷம் சுமந்த உடம்பு. இப்போது ஒரு பெட்டியின் கனம்கூட இல்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, இன்றைக்குத் தாண்டாது என்று காலையில் வந்த டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஃபைனா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தேகால்.

"அங்க என்னடி பார்வை? மனுஷன் போறதுக்கு நேரம் குறிக்கிறியா?"

"இல்லம்மா. பன்னெண்டுக்கு டிராக்டர் கிளம்புது."

பதினோரு டிராக்டர்கள். கிணறு துளைக்கிற துரப்பணக் கோபுரத்தைக் கழற்றிச் சறுக்குவண்டிகளில் ஏற்றியாகிவிட்டது. பெச்சோரா ஆற்றைத் தாண்டி, உறைந்த சதுப்பின் மேல் நூற்று நாற்பது கிலோமீட்டர் கிழக்கே இழுத்துக்கொண்டு போவார்கள். ஏப்ரலில் பனிப்பாதை இளகிவிடும். போன கோபுரம் அடுத்த குளிருக்குத்தான் திரும்பும். கிழக்கே போகச் சொன்ன அறிக்கையில் இருந்தது ஃபைனாவின் கையெழுத்து.

ஒன்பது வருஷத்துக்கு முன் பதினேழாம் கிணற்றிலிருந்து எடுத்த கல்லுருளைகளை வைத்து அவள் இப்போது எழுதிய அறிக்கை அது. எட்டு மீட்டர் மணற்கல், எட்டுப் பெட்டி. அடியில் பருமணல், மேலே போகப் போகப் பொடிமணல். அப்படியென்றால் அது பழைய ஆறு. ஆற்றின் தடத்தைப் பிடித்துக் கிழக்கே போனால் எண்ணெய்க்கு வழியுண்டு. அதுவே தலைகீழாக இருந்தால் ஆறில்லை, கழிமுகத்தில் கொட்டிக் குவிந்த மணல்மேடு. மேடு வடக்கே கடலைப் பார்த்துத்தான் பரவும். கிழக்கே வெறும் களிமண்.

எட்டாம் பெட்டியில், எல்லாவற்றுக்கும் அடிக்கல்லில், செடிவேர்த் தடங்கள் இருந்தன. வேர் கீழே இறங்காமல் மேல்நோக்கிக் கிளைத்திருந்தது. அடுக்கும்போது ஒரு துண்டு புரண்டிருக்கும் என்று எழுதிவிட்டு அவள் நகர்ந்துவிட்டாள். பெட்டிமேல் அம்புக்குறியும் ஆழமும் அப்பாவின் கையெழுத்தில் இருந்தன. அந்தக் கையெழுத்தின் மேல் பென்சிலை ஓட்டித்தான் அவள் எழுதவே பழகினாள்.

முந்தாநாள் சூப் ஊட்டும்போது, சந்தோஷப்படட்டுமே என்று சொன்னாள்: "பதினேழாம் கிணத்துக் கல்லை வச்சுத்தான்பா கோபுரம் போகுது." அப்பா இலாரியோன் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் கரண்டி உள்ளே போகவேயில்லை. நேற்றுக் காய்ச்சலில் "பெட்டி, பெட்டி" என்று முனகினார். ராத்திரி அவள் அந்த வேரைப் பற்றி எழுதிய பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

நடையில் போன் அடித்தது. பிரிவுத் தலைவர் கொரோபோவ்.

"என்னம்மா, எல்லாம் கட்டியாச்சு. வரைபடத்துல உன் கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சு. ஆள்கிட்ட குடுத்தனுப்பட்டுமா? அப்பாவ வச்சுக்கிட்டு நீ அலைய வேணாம்."

"பதினொன்றரை வரைக்கும் டைம் குடுங்க தோழர்."

"கையெழுத்துப் போட ஒண்ணேகால் மணி நேரமா? பேர் மறந்துபோச்சா?"

ஃபைனா போனை வைத்துவிட்டு அறைக்குள் வந்தபோது அம்மா கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தாள்.

"சாகக் கெடக்கிறவர்கிட்ட என்னடி கேக்கப்போற?"

"ஒரே ஒரு கேள்வி."

"கேக்காத. ஒழுங்கா வேலை பாத்த மனுஷன்னு ஊரே சொல்லுது. அந்தப் பேரோட போகட்டும்."

"கோபுரம் போயிருச்சுன்னா திரும்பாதும்மா."

"இவரும்தான் திரும்பமாட்டாரு."

இருவரும் உட்கார்ந்தார்கள். இலாரியோனின் மூச்சு கரகரவென்று ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. நிற்கும்போதெல்லாம் ஃபைனா எண்ணினாள். ஒருமுறை இருபத்திரண்டு வரை எண்ண வேண்டியிருந்தது. பதினொன்றாகிப் பத்து நிமிஷம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார்.

"அப்பா, பதினேழாம் கிணறு. எட்டுப் பெட்டி. குழாயிலேருந்து மொதல்ல விழுந்த கல்லை எந்தப் பெட்டியில வச்சீங்க?"

கல்லுருளையோடு மேலே வந்த குழாயைத் தொங்கவிட்டுத் தட்டினால் முதலில் விழுவது அடிக்கல். அது கடைசிப் பெட்டிக்குப் போக வேண்டும். வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆனவனுக்குக்கூடத் தெரியும்.

உல்யானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாப்பத்தாறு டிகிரி குளிரு" என்றார் அவர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடினார். "ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பாத்தேன். மொதல்ல விழுந்தது... மொதப் பெட்டியில."

"எப்பத் தெரிஞ்சுது?"

"தூங்கி எந்திரிச்சப்ப. அந்த வேர் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள ஆணியடிச்சு ஏத்திட்டாங்க." மூச்சு வாங்கினார். "நீ காலேஜுக்குப் போன வருஷம். வேலையைவிட்டுத் தூக்கிருவாங்கன்னு..."

அவள் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"நீ வேரைப் பாக்கலையா?"

"பாத்தேன்."

"பின்ன? படிச்ச புள்ள. கல்லு சொல்றதை விட்டுட்டு என் கிறுக்கலை நம்பியிருக்க."

சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகி, இருமலும் முடியாமல் நடுவில் நின்றது. ஃபைனா எண்ண ஆரம்பித்தாள். அறுபதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா வந்து அவள் தோளைத் தொட்டாள்.

போனில் கொரோபோவ் முதலில் கத்தினார்.

"தலைகீழா? யாரு சொன்னது?"

"அடுக்கினவரு."

"அப்ப வந்து எழுதிக் குடுக்கச் சொல்லு. வாய்ப்பேச்சுக்கு வண்டியை நிறுத்த முடியாது." சட்டென்று குரல் தணிந்தது. "இரு. பதினேழாம் கிணத்துல பெட்டி அடுக்கினது உங்கப்பா இல்ல? அவர்கிட்ட குடு."

திறந்த கதவு வழியே அம்மா தெரிந்தாள். கைக்குட்டையை மடித்து அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"குடுக்க முடியாது தோழர்."

மறுமுனையில் டிராக்டர் இஞ்சின்கள் இரைந்தன.

"எப்போ?"

"இப்பதான்."

"சாட்சிக்கு வேற என்ன இருக்கு?"

"எட்டாம் பெட்டியில வேர் இருக்கு. மேல பாத்துப் போகுது. நான் பாத்தும் தப்பா எழுதினேன். என் பேர்லயே எழுதிக்குங்க."

"உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவாங்க, ஃபைனா."

"பண்ணட்டும்."

அவர் போனை மேசைமேல் வைக்கிற சத்தம். கதவு திறந்தது. வெளியே யாரையோ அதட்டினார். முதல் இஞ்சின் அணைந்தது. அடுத்ததும் அணைகிறவரை கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

அறைக்குள் அம்மா சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். நிமிரவில்லை.

"மாடிவீட்டு அக்ரிப்பினாவைக் கூப்பிட்டிருக்கேன், அவ குளிப்பாட்டுவா. பெத்த பொண்ணு கைபடக்கூடாது. நீ தண்ணி மட்டும் கொண்டா."

ஃபைனா சமையலறைக்குப் போனாள். அடுப்பிலிருந்த வெந்நீரை வாளியில் ஊற்றினாள். சூடு அதிகமோ என்று முழங்கையை விட்டுப் பார்த்தாள். இன்னும் ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் சேர்த்து, மறுபடி விட்டுப் பார்த்தாள்.