ஒரே பேனாவில் நாற்பத்தொரு நாட்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு படிவத்தை நிரப்பாமல் தள்ளிப்போடுவதற்காக எழுத ஆரம்பித்தது இது. படிவம் என் முழங்கைக்கு அடியில் இருக்கிறது. நேற்று, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. தெரியவந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் ஆய்வின் விதி. இப்போது வெள்ளிக்கிழமை, மணி ஒன்பது ஐம்பது.

எழுதினால் ஒருவர் இருபத்தேழு வருஷமாகப் பார்த்துவரும் வேலை போகும். எழுதாவிட்டால் அவரோ அவருக்குக் கீழே நிற்பவரோ சாகலாம். சாகாமலும் போகலாம். இந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கின்றன.

என் பெயர் மேகலை. காவ்சியுங் என்ற இந்தத் துறைமுக நகரத்தில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். இங்கே எல்லோருக்கும் நான் மேய். காது, சமநிலை, மண்டையோட்டின் அடிப்பகுதி ஆகியவற்றின் நோய்களை ஆராயும் ஒரு மருத்துவமனைப் பிரிவில் ஒருங்கிணைப்பாளர் வேலை. டாக்டர் ஆராய்வார், நோயாளி தாங்கிக்கொள்வார், நான் காகிதங்களைச் சரியாக வைத்திருப்பேன். நான் கதை எழுதுவது இங்கே யாருக்கும் தெரியாது. தமிழில் எழுதுவதால் தெரியவும் போவதில்லை.

[இதை ஒரு பாதுகாப்பு என்று நினைத்துத்தான் எழுதினேன். இப்போது கோழைத்தனமாகப் படுகிறது. வாக்கியம் இருக்கட்டும்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து, லியாவ் குவோ-துங் கீழே விரிந்த உலகத்தை—"

நிறுத்திவிட்டேன். லியாவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், எங்கள் ஆய்வில் ஒரு நோயாளி; நான் எந்தக் கிரேனிலும் ஏறியதில்லை. அவர் உலகத்தையெல்லாம் பார்ப்பதில்லை. கன்டெய்னர் பெட்டியின் நான்கு மூலைகளைப் பார்க்கிறார். அதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது:

"மெனியர் நோய் என்பது உட்காதின் நீர்ம அழுத்தம்—"

இது பாடப்புத்தகம். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். உட்காதுக்குள் நீர் ஏறி அழுத்தும். காது அடைக்கும், இரையும், அப்புறம் தலை சுற்றும். சிலருக்கு அதில் பொல்லாத ஒரு வகை உண்டு. முன்னறிவிப்பே இல்லாமல், நினைவும் தப்பாமல், யாரோ பிடித்துத் தள்ளியதுபோல விழுந்துவிடுவார்கள். லியாவுக்கு அந்த வகை. ஜனவரியில் ஒரு நாள் சமையலறையில் மீன் வாணலியோடு விழுந்தார். வலது முன்கையில் தழும்பு இருக்கிறது.

(எந்தக் காது என்று சொல்லமாட்டேன். பெயர், வயது, துறைமுகத்தின் எந்த முனையம் என்பதெல்லாம் மாற்றியாகிவிட்டது. தழும்பை மட்டும் மாற்ற மனசு வரவில்லை.)

எங்கள் ஆய்வில் பாதிப் பேருக்குச் செவிப்பறை வழியாக மருந்து ஊசி. மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது ஒட்டிய உறைகளில், பூட்டிய அலமாரியில் இருக்கிறது. நோயாளி தினமும் டயரி எழுத வேண்டும்: இன்று தலைசுற்றல் வந்ததா, எத்தனை நிமிஷம், விழுந்தீர்களா. ஒரு கண்டிப்பான நிபந்தனையும் உண்டு. உயரத்தில் வேலை செய்பவர்கள் ஆய்வு முடியும்வரை தரை வேலைக்கு மாறிவிட வேண்டும். இடுப்பு வலி என்று கம்பெனியில் சொல்லி மாறிவிட்டதாக லியாவ் என் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது தொடக்கம் ஒரு நொறுக்குத்தீனிப் பாக்கெட். அதுதான் சரியான தொடக்கம். தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

3

பச்சை உறை போட்ட தேங்காய்ச் சுவை நொறுக்குத்தீனி அது. இங்கே மெஷின் இருக்கும் இடத்தில் எல்லாம் அதன் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும். வங்கியில், ரயில் நிலையத்தில், எங்கள் அறுவை அரங்கத்தில்கூட. உறை பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டக்கூடாது, யாரும் பிரித்துத் தின்னக்கூடாது. அப்போதுதான் மெஷின் முரண்டு பிடிக்காமல் சொன்னபடி கேட்கும். இதை நம்புகிறோம் என்று ஒருவரும் சொல்லமாட்டோம். எடுத்துப் போடவும் மாட்டோம்.

நேற்று லியாவ் ஆறாவது வருகைக்கு வந்திருந்தார். அன்றைக்கே கடைசி ஊசியும். முதலில் கண் பரிசோதனை. காதுக்குள் குளிர்ந்த காற்றையும் சூடான காற்றையும் மாற்றி மாற்றி ஊதினால் கண்விழிகள் தாமாகத் துடிக்கும். கேமரா வைத்த கண்ணாடி அதை எண்ணும். வாய் பொய் சொல்லலாம், கண்விழி சொல்லாது என்பது எங்கள் பிரிவில் அடிக்கடி அடிபடும் பேச்சு. மெஷினை ஓட்டும் யி-ஜுன்னுக்கு வாய் சும்மா இருக்காது.

"கண்ணைச் சிமிட்டாதீங்கண்ணே. சிமிட்டுனா இந்த மெஷினுக்குக் கோவம் வரும்."

"எம் பொண்டாட்டி கோவத்தைவிடவா?"

"அக்காவைக் கொஞ்சநேரம் இதுல ஒக்கார வைங்க, பாத்துச் சொல்றேன்."

துடிப்புகள் கொஞ்சம் கூடியிருந்தன. நல்லதா, தற்செயலா என்று சொல்லமுடியாத அளவுக்குத்தான். நான் டயரியைப் புரட்டினேன். நாற்பத்தொரு பக்கங்கள். இல்லை, இல்லை, இல்லை. எல்லாம் ஒரே நீலப் பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. தினமும் எழுதிய டயரியில் ஒரு நாளாவது பேனா மாறும், ஒரு பக்கத்திலாவது தேநீர்க் கறை இருக்கும். இது ஒரே மூச்சில் எழுதியது. இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். கோபம் வரவில்லை.

அப்போதுதான் அவர் பைக்குள் கையை விட்டு ஒரு பச்சைப் பாக்கெட்டை எடுத்தார்.

"இந்தாம்மா, உங்க மெஷின் மேல இருக்கிறதுக்கு அடுத்த வாரத்தோட தேதி முடியுது. போன தடவையே பாத்து வச்சேன். எனக்கு வாங்குறப்ப சேத்து ரெண்டா வாங்கிட்டேன்."

"அய்யோ, நாங்க கவனிக்கவே இல்ல பாருங்க," என்றாள் யி-ஜுன்.

"கவனிக்கணும்மா. எம் மெஷின்ல எல்லாம் ஒரு நாள் தாண்ட விடமாட்டேன். திங்கக்கிழமைதான் புதுசு வச்சேன்."

யி-ஜுன் சிரித்துக்கொண்டே பழையதை எடுத்துப் புதியதை வைத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. தரை வேலைக்காரரிடம் இருப்பது ஒரு சீட்டுப் பலகையும் ஒரு பேனாவும். அதன் தலையில் யாரும் பாக்கெட் வைப்பதில்லை.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். லியாவ் எப்படிப்பட்ட ஆள்?

முதல் வரைவில் அவரைப் புளுகர் ஆக்கியிருந்தேன். நன்றாக இல்லை, அவருக்குப் பொய் சரியாக வராது, பாக்கெட்டே சாட்சி. இரண்டாவது வரைவில் அவர் மனைவிக்குப் பெரிய வியாதி கொடுத்து, அதற்காகத்தான் ஏறுகிறார் என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அந்த அம்மா கல்லுமாதிரி இருக்கிறார், காலையில் பூங்காவில் ஆடுகிறார். நீங்கள் இரக்கப்பட வேண்டும் என்பதற்காக நல்லா இருக்கும் ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளப் பார்த்தேன்.

ஆகவே அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். நடைபாதையில், பானம் விற்கும் மெஷினுக்குப் பக்கத்தில்.

"எந்த மெஷின்ணே?" என்றேன்.

பையில் சில்லறை தேடினார்.

"நீ கேப்பேன்னு வாயிலேர்ந்து விழுந்தவுடனே தெரிஞ்சுபோச்சு."

"மாறவே இல்லையா?"

"நாலு நாள் கீழ நின்னேன் தங்கச்சி. கையில சீட்டு, தலையில தொப்பி. நான் பழக்கிவிட்ட பயலுக எல்லாம் மேலேர்ந்து ரேடியோல 'அண்ணே, ஓரமா நில்லுங்க'ங்கிறானுக. மேல இருந்தாத்தான் நான் லியாவ். கீழ நான் யாரு, சொல்லு?"

"டயரி?"

"இன்னிக்குக் காலைல வண்டி நிறுத்துற எடத்துல, ஸ்கூட்டர் சீட்டு மேல வச்சு எழுதுனேன். ஒண்ணும் வரலைன்னா வரலைன்னு தினமுமா எழுதணும்?"

"ஒண்ணுமே வரலையா?"

ஒரு பார்லி டீ பாட்டில் வாங்கினார். திறக்கவில்லை.

"ஒண்ணு வந்துச்சு. மேல. முன்ன மாதிரி இல்ல, சின்னது. கையை லீவர்லேர்ந்து எடுத்துட்டேன், எடுத்தா மெஷின் அப்படியே நின்னுடும். நாலு நிமிஷம். பெட்டி அந்தரத்துல தொங்குது. கண்ணாடித் தரை சுத்துது. கீழ என் மச்சான் ரேடியோல 'என்ன மாமா, தூங்கிட்டியா'ன்னு கத்துறான். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, காத்து அடிக்குதுடான்னேன்."

"உங்க மச்சானா?"

"ஹுவாங்தான். பெட்டியக் கட்டுற கேங்கு அவனோடது."

ஆய்வில் சேர்ந்த அன்று, அவசரத்துக்கு யாருடைய எண்ணைத் தருகிறீர்கள் என்று கேட்டபோது மனைவியின் தம்பி ஹுவாங்கின் எண்ணைத்தான் தந்தார். ஏன் மனைவியுடையது இல்லை என்றேன். 'அவ போனை எடுக்கமாட்டா, இவன் எப்பவும் பக்கத்துலயே இருப்பான்' என்றார். பக்கத்தில் என்றால் நேர் கீழே என்று எனக்கு நேற்றுதான் புரிந்தது.

"தங்கச்சி, கொறைஞ்சிருக்கு. முன்ன வாரத்துக்கு ரெண்டு, இப்ப நாப்பத்தோரு நாள்ல ஒண்ணு. மருந்து புடிக்குது. இன்னிக்கு ஊசியப் போட்டுரட்டும். அப்புறம் நீ என்ன வேணா எழுதிக்க."

"அது உப்புத் தண்ணியா இருந்தா?"

"இருந்தா உப்புத் தண்ணிக்கே கொறையுது. அதுக்கும் நான் கும்புடு போடுறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பயமாகவும் இருந்தது.

5

டாக்டர் ஃபான் கதவைத் திறந்து தலையை நீட்டினார். ஊசி தயார் என்று அர்த்தம். சுருக்கமாகப் பேசுபவர், இந்த ஆய்வுக்காக ஆறு வருஷம் அலைந்தவர்.

"மேய், டயரி முழுசா இருக்கா?"

நான் சொன்ன பதில் இது: "நாப்பத்தொரு பக்கமும் இருக்கு டாக்டர்."

பொய் இல்லை. எண்ணிப் பார்க்கலாம். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான உண்மை இதுதான். லியாவ் உள்ளே போனார், ஊசி போட்டுக்கொண்டார், அரைமணி நேரம் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தார். போகும்போது திறக்காத டீ பாட்டிலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இதோ இருக்கிறது.

[இந்த இடத்தில் என்னை நியாயப்படுத்தும் ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். நீளமாக இருந்தது, அதிலேயே அது பொய் என்று தெரிந்துவிட்டது.]

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. படிவத்தை நிரப்புகிறேன். டாக்டர் அவரை ஆய்விலிருந்து நீக்குகிறார். கம்பெனிக்கு நாங்களாகச் சொல்ல முடியாது. அவர் சம்மதம் வேண்டும். அவர் சம்மதிக்கிறார், தலையில் தொப்பி, கையில் சீட்டு, அதோடு சரி. அல்லது சம்மதிக்காமல் நாளைக்கும் ஏறுகிறார், இனி எங்கள் கண்ணிலும் படாமல்—

ஆ. நிரப்பவில்லை. மருந்து வேலை செய்கிறது. வருஷக்கடைசியில் உறையைப் பிரிக்கிறோம், அவருக்குக் கிடைத்தது மருந்துதான். எல்லோரும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சாப்பிடப் போகிறோம். இதை எழுதும்போது கை வேகமாக ஓடியது. அதனால் நம்பவில்லை.

இ. நிரப்பவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, காற்றே இல்லாத நாளில், கையை லீவரிலிருந்து எடுக்க நேரமில்லாமல்—

இதை முடிக்கமாட்டேன். எழுதியது நடந்துவிடுமோ என்ற பயம்தான். பாக்கெட் வைக்கிற ஊரில் பதினேழு வருஷம் இருந்தவளுக்கு இதற்கும் மேல் தைரியம் வராது.

7

மணி பதினொன்று. ஆய்வில் உறையைப் பிரிக்கும்வரை யாருக்கும் முடிவு தெரியக்கூடாது. தெரிந்தால் கை சாய்ந்துவிடும் என்பார்கள். கதை எழுதுபவளுக்கு அந்தச் சலுகை இல்லை. என் கை முதல் பக்கத்திலிருந்தே சாய்ந்துதான் இருக்கிறது. அவர் பக்கம். அவரை எனக்குப் பிடிக்கும். ஹுவாங்கை எனக்குத் தெரியாது, பார்த்ததே இல்லை, அதனால்தான் இந்தக் கதையில் அவருக்கு முகம் இல்லை. பெட்டிக்குக் கீழே நிற்பவர் அவர். இவ்வளவு பக்கம் எழுதிய பிறகுதான் இது எனக்கு உறைக்கிறது.

ஐந்தாம் மாடி ஜன்னலிலிருந்து கிரேன்கள் தெரிகின்றன. லியாவ் காலை ஏழு மணி ஷிப்ட். எது அவருடையது என்று தெரியாது. ஒன்றில் பெட்டி பாதியில் நிற்கிறது. காற்றாக இருக்கலாம். லாரி வராமல் இருக்கலாம். நிமிஷ முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நிமிஷமாயிற்று.

படிவத்தை நிரப்பிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று, பதினொன்று நான்கு. அதற்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டது. ஆனால் டாக்டர் ஃபான் அறுவை அரங்கத்தில் இருக்கிறார், ஒரு மணிக்குத்தான் வெளியே வருவார். அதுவரை பெட்டி தொங்கும். லியாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மேலே இருக்கும்போது போனைச் சத்தம் இல்லாமல் பைக்குள்தான் வைப்பார், அதை நல்ல பழக்கம் என்று நானே பாராட்டியிருக்கிறேன். கோப்பில் இன்னொரு எண் இருக்கிறது. அவசரம் என்றால் மட்டும் கூப்பிட அனுமதி. இது அவசரமா? நோயாளியின் ரகசியத்தை அவர் மச்சானிடம் சொல்வது என் வேலைக்கே உலை. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகலாம் என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும்தான். இதுவரை படித்துவிட்டீர்கள், தெரியாது என்று இனி நீங்களும் சொல்ல முடியாது. உங்கள் இருபத்துநான்கு மணி நேரம் இப்போது ஆரம்பிக்கிறது.

எண்ணை அழுத்திவிட்டேன். அடிக்கிறது.

எடுத்துவிட்டார். லாரி இரைச்சல், யாரோ விசில் அடிக்கிறார்கள். போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன்.

"ஹலோ, ஹுவாங் பேசுறேன். யாருங்க? சீக்கிரம் சொல்லுங்க, தலைக்கு மேல பெட்டி நிக்குது."