பீற்றர் நின்ற இடம்

…இரண்டு பேரைக் கொடுத்தால் எதிரணி ஆனந்தராஜா சிரிப்பார், மூன்று பேரைக் கொடுத்தாலும் சிரிப்பார், எட்டு ஆட்டத்திலும் தோற்ற கூடைப்பந்து அணியில் எந்த மூன்று பேரைக் கூட்டினாலும் ஓர் ஆள் வராது என்பது அவருக்கும் தெரியும், அந்த அணியை நடத்துகிற கஸ்பருக்கும் தெரியும், அப்படியென்றால் கடைசியில் அந்த ஒரு வழிதான், சட்டைப்பைக்குள் நாலாக மடித்து வைத்திருக்கிற தாளில் மூன்றாவதாக எழுதியிருக்கிற வழி. பீற்றரைக் கொடுத்துவிட்டு, ஆள் தெரிந்தெடுப்பதில் முதல் முறையை வாங்குவது. கோலியர்ஸ் வுட்டில் ரியூப் ரயிலில் ஏறினால் மோர்டன் இரண்டாவது நிறுத்தம், ஐந்து நிமிடம், ஆனால் ஐந்து நிமிடத்தில் எதை யோசிக்க முடியும், கூட்டம் நாலு மணிக்குத்தானே என்று கஸ்பர் நடக்கத் தொடங்கியிருந்தார். ஜூலை வெயில். உலகக் கிண்ணத்துக்காகக் கார்களில் செருகிய கொடிகளை இரண்டு கிழமையாகியும் சிலர் கழற்றவில்லை, இங்கிலாந்து வீட்டுக்கு வந்துவிட்டது, கொடிகள் மட்டும் கம்பியைச் சுற்றிக்கொண்டு கிடந்தன. தோற்றவர்களுக்கு எதைக் கழற்றுவது எப்போது கழற்றுவது என்று தெரிவதில்லை. எங்களுக்கும்தான். காலையில் தாளை மூன்றாம் தரம் திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது அஞ்சலீனா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள், இத்தனை வருட மனைவிக்கு முகத்தைப் பார்த்தே வியாதி தெரிந்துவிடும். "இஞ்சேருங்கோ, எட்டு மட்சும் தோத்த ரீமுக்கு இன்னும் என்ன எழுதக் கிடக்கு?" அவர் ஒரு வரியை வெட்டினார். "போன ஞாயிற்றுக்கிழமை தொட்டு பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில நிக்கிற ஆள் மாதிரித் திரியிறியள்" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள், அவள் சொன்னது சரியாகவே இருந்தது.

போன ஞாயிறு. அதை நினைக்கும்போது இப்போதும் நடை தானாக மெதுவாகிறது. லண்டனில் ஐந்து பழைய மாணவர் சங்கங்கள், ஐந்து கூடைப்பந்து அணிகள், தகப்பன் ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ அந்த அணிக்குத்தான் மகன், இது எங்கும் எழுதப்படாத சட்டம், பள்ளிக்கூடத்தின் மதிலைக்கூடக் காணாத பொடியள் அதன் சின்னத்தை நெஞ்சில் தைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தகப்பனின் பள்ளிக்கூடத்துக்கு இங்கே அணியில்லாதவர்கள் பொதுப் பட்டியலில் இருப்பார்கள், வருடத்துக்கு ஒருமுறை ஜூலையில் மோர்டனில் கூடி அவர்களை முறைவைத்துத் தெரிந்தெடுப்பார்கள், கடைசியாய் வந்த அணிக்கு முதல் முறை. பெரியவர்கள் பங்கீடு என்பார்கள், இளசுகள் டிராஃப்ட் என்பார்கள். பட்டியலில் இருப்பவர்களை ஒருநாள் எல்லோர் முன்னாலும் கலந்து விளையாட விட்டுப் பார்ப்பது வழக்கம், எண்ணிக்கைக்கு ஆள் காணாவிட்டால் அணிகளிலிருந்து இரண்டு மூன்று பேர் இறங்கி விளையாடிக் கொடுப்பார்கள். அந்த ஆட்டத்தில்தான் அவன், சிவதர்ஷன், வயது இருபத்திமூன்று, ஜெர்மனியில் வளர்ந்தவன், மாமனுடைய கடைக்கு உதவியாய் வந்து ஆறுமாதம், தகப்பன் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னபோது அங்கே இருந்த ஒருவருக்கும் அது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. உயரமும் இல்லை. வேகம்கூட அப்படி ஒன்றுமில்லை. ஆனால் அவன் பந்தைக் கொடுத்த விதம்… கொடுத்தான் என்று சொல்வதா, அவன் யாரையும் பார்க்கவில்லையே, இடது மூலையில் நின்றுகொண்டு வளையத்தைப் பார்த்தான், பந்து வலது பக்கம் ஒருவருமில்லாத வெறும் தரைக்குப் போனது, ஐயோ வீண் என்று கஸ்பர் நினைத்து முடிப்பதற்குள் அந்த வெறும் தரையில் ஒருவன் வந்து நின்றான், பந்து அவன் கைக்குள் இருந்தது, வாங்கியவனுக்கே அது தெரிந்திருக்கவில்லை, தன் கையைத் தானே பார்த்தான். பந்து போன பிறகுதான் அங்கே ஓர் இடம் இருந்தது என்பதே மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஒருமுறை என்றால் தற்செயல், ஏழு தடவை, எட்டுத் தடவை. கஸ்பர் தபால் பிரிக்கும் நிலையத்தில் பதினான்கு வருடமாய் நிற்கிறவர், எதை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று கைக்குத் தெரிகிற அளவுக்குப் பழகியவர், அவருக்குத் தெரியும், இது பழக்கத்தால் வருவதில்லை. பூசையில் மணியடிக்கிற நேரம் போல மர வாங்குப் பலகையில் அப்படியே இருந்துவிட்டார், முன்னால் இருந்தவர்கள் எழும்பிப் போன பிறகும்.

அந்த முதல் முறை எங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். கடைசியாய் வந்தது நாங்கள்தானே. ஆனால் போன வருடம் அதை விற்றவர் யார், கஸ்பர்தான், அடுத்த ஜூலை முதல் முறையை ஆனந்தராஜாவின் அணிக்குத் தருகிறோம், உங்கள் ஆறடி நாலங்குல ஆளை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கியவர் இவர், அந்த ஆறடி நாலங்குலம் இரண்டு ஆட்டம் விளையாடியது, முழங்கால் வீங்கியது, கனடாவுக்குப் பெண்பார்க்கப் போய் அங்கேயே நின்றுவிட்டது. யாரும் இவரைக் குற்றம் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். ஆற்றங்கரைப் பாதைக்கு இறங்கியிருந்தார், வான்டில் ஆறு கணுக்கால் அளவுக்கு வற்றி, அடியில் ஒரு கடைத் தள்ளுவண்டி மல்லாந்து கிடந்தது, அதன்மேல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது.

"என்ன கஸ்பர், எங்கை நிக்கிறீர்?"

ஆனந்தராஜாதான். நடந்து வாறன் என்றார் கஸ்பர்.

"நடந்தோ? பாதயாத்திரை வந்தாப்போல முதல் முறை கிடைக்குமெண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"மூண்டு பேர் தாறன் ஆனந்தராஜா. நல்லா யோசிச்சுப் பாரும்."

"உம்மட மூண்டு பேரையும் வைச்சு நான் என்ன கடையே போடுறது? நான் கேட்டதைத் தாரும். பீற்றரைத் தாரும், பொடியன் உமக்கு. முடிஞ்சுது அலுவல்."

"பீற்றருக்கு முப்பத்தொன்பது வயசு."

"அது எனக்கும் எண்ணத் தெரியும். வாரும், வந்து பேசுவம்." வைத்துவிட்டார்.

ஏன் பீற்றர்? ஒரு கிழமையாக இந்தக் கேள்வியை அவர் உள்ளே எடுத்து, திருப்பிப் பார்த்து, விளங்காமல் வைத்துக்கொண்டிருந்தார். ஆனந்தராஜா முட்டாளில்லை, நான்கு கிண்ணம் வென்றவர். தயவு பார்த்தாரோ, என்னைக் கடனாளியாக விடாமல் ஏதோ ஒன்றை வாங்கினதாகக் காட்டிவிட்டு முறையைத் திருப்பித் தருகிறாரோ, அப்படியென்றால் அது பெருந்தன்மை, ஆனால் ஆனந்தராஜாவுக்கும் பெருந்தன்மைக்கும் அவ்வளவு பேச்சுவார்த்தை கிடையாது. பீற்றரிடம் என்ன இருக்கிறது? குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன், மன்னார்ப் பக்கத்தவன், பதினொரு வருடத்துக்கு முன் இதே பங்கீட்டில் எல்லோரும் தெரிந்தெடுத்து முடிந்தபின் மிஞ்சிய ஒரே பெயர், மிஞ்சியதால் எங்களுக்கு வந்தவன். ஒரு பருவத்துக்கு நாலைந்து கூடை போடுவான், அதுவும் பந்து தவறி அவன் கையில் விழுந்தால். பெரிய முதுகு, அகலமான பாதம், வருடாவருடம் அதே நீலச் சப்பாத்து. அவன் செய்வதெல்லாம் போய் நிற்பதுதான். எங்கள் ஆளைத் துரத்தி வருகிறவனின் வழியில் போய்ச் சுவர்போல நிற்பான், துரத்தி வருகிறவன் அவன்மேல் மோதி நிற்க, எங்கள் ஆள் விலகிப் போவான். எல்லா அணியிலும் யாராவது செய்கிறதுதான். அதில் ஒரு விதி, நிற்கிறவன் அசையக்கூடாது, அரை அடி நகர்ந்தாலும் தவறு, அடி வருகிறதென்று தெரிந்துகொண்டே அசையாமல் வாங்க வேண்டும். பீற்றருக்கு நேற்று முன்தினம் விசயத்தைச் சொன்னபோதும் தொலைபேசியில் அவன் அப்படித்தான் நின்றான், மறுபக்கம் ஒரு சத்தமும் இல்லை, பிறகு, "சரி அண்ணை, ரீமுக்கு நல்லதெண்டால் குடுங்கோ" என்றான், அதற்குப் பிறகு, ஏதோ கஸ்பருக்கு ஆறுதல் சொல்கிறவன் போல, "அவையள் பழகுறது மோர்டனிலதானே அண்ணை, எனக்குக் கிட்ட, பஸ் மாறத் தேவையில்லை." பதினொரு வருடம் அவன் பஸ் மாறி வந்துகொண்டிருந்தான் என்பது கஸ்பருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பூங்காவுக்குள் புல் கருகி மஞ்சளாய்க் கிடந்தது, மர நிழல்களில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு வாங்கில் அமர்ந்து தாளை விரித்தார். வழி ஒன்று, வழி இரண்டு, வழி மூன்று. சிவதர்ஷன் வந்தால் யார் எங்கே நிற்பது என்று பின்பக்கத்தில் ஒரு படம்கூடக் கீறியிருந்தார், ஐந்து வட்டங்கள், அம்புக்குறிகள். அவன் இடது மூலையில். பந்து இப்படிப் போகும். இங்கே ஒருவன் வருவான்… எப்படி வருவான்? அவனைத் துரத்துகிறவன் சும்மா விடுவானா? பென்சிலால் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எப்படி வந்தான்? அதை மறுபடி ஓட்டிப் பார்த்தார், ஒரு கிழமையாய் நூறு தடவை பார்த்ததுதான், ஆனால் நூறு தடவையும் பந்தையே பார்த்திருந்தார், இப்போது பந்தை விட்டுவிட்டு அந்த வெறும் தரையைப் பார்த்தார். தரை வெறுமையாக இருந்தது. ஏன் வெறுமையாக இருந்தது? துரத்தி வந்தவன் எங்கே? அவன் இரண்டடி பின்னால், யாரோ ஒருவரின் முதுகில் நெஞ்சு மோதி நின்றுகொண்டிருந்தான். நீலச் சப்பாத்து. ஆள் காணாமல் இறங்கிக் கொடுத்த மூன்று பேரில் ஒருவன் பீற்றர் அல்லவா. அடுத்த தடவை? அங்கேயும் நீலச் சப்பாத்து. மூன்றாவது தடவை சிவதர்ஷன் பந்தை எறிவதற்கு முன் ஒரு கணம் தாமதித்தானே, ஏன் தாமதிக்கிறான் என்று அப்போது நினைத்தாரே, அவன் பீற்றர் போய்ச் சேரும்வரை காத்திருந்தான். ஆட்டம் முடிந்து வந்தபோது அந்தப் பொடியன் கஸ்பரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், ஜெர்மன் வாடையடிக்கிற தமிழில், "அந்த நீலச் சப்பாத்து அண்ணை எப்பவும் உங்கடை ரீமிலதானோ?" நக்கலடிக்கிறான் என்று நினைத்து இவரும் சிரித்தார். "ஓம் தம்பி, அவர் எங்கடை பழைய தளபாடம், மேசை கதிரை மாதிரி." பொடியன் சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

தாளை மடிக்க மறந்து கையில் வைத்துக்கொண்டு எழும்பி நடந்தார், இருக்க முடியவில்லை. அப்படியென்றால் மற்றவை? இந்தப் பதினொரு வருடக் கூடைகள் எல்லாம்? ஒவ்வொன்றாய் எடுத்தார், ஒவ்வொன்றிலும் ஓரத்தில், போட்டவனின் பின்னால், நிழற்படத்தில் பாதி வெட்டுப்பட்டவன் போல ஒரு பெரிய முதுகு நின்றது. பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டு வந்ததையும் எடுத்தார். இரண்டாயிரமாம் ஆண்டு இறுதியாட்டம். கஸ்பருக்கு நாற்பத்தொரு வயது, அவருடைய கடைசி ஆட்டம், ஒரு புள்ளி பின்னால், பந்து அவர் கையில், கடைசி வினாடிகள். அந்தக் கதையை எத்தனை கலியாண வீடுகளில் சொல்லியிருப்பார், எல்லாம் மெதுவாகிப்போனது, சத்தம் நின்றுபோனது, ஆண்டவர் எனக்கென்று நேரத்தை நிற்பாட்டி வைத்ததுபோல ஒருவருமில்லாமல் தனியே நின்று வளையத்தைப் பார்த்து எறிந்தேன் என்பார், அஞ்சலீனா குசினி அடுப்படியில் இருந்து "உள்ளுக்குப் போச்சுது" என்று முடித்துவைப்பாள். ஒருவருமில்லாமல். இறுதியாட்டத்தில், கடைசி வினாடியில், ஒருவன் எப்படித் தனியே நிற்பான்? அவரை மறித்து விளையாடிக்கொண்டிருந்த ஆள் எங்கே போனார்? அந்த ஆள் ஆனந்தராஜா. கூடை விழுந்து எல்லோரும் கத்திக்கொண்டு ஓடிவந்தபோது ஆனந்தராஜா தரையில் விலாவைப் பிடித்துக்கொண்டு இருந்தார், தோல்வியின் துக்கம் என்று கஸ்பர் நினைத்து அவர்மேல் இரங்கக்கூடச் செய்தார். பக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது பீற்றர். ஆறு வருடமாய் ஆனந்தராஜாவின் விலா எலும்புக்குத் தெரிந்திருந்தது கஸ்பரின் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஆண்டவர் நிற்பாட்டி வைத்த நேரம். பயம்போல ஒன்று, ஆனால் பயமில்லை, ஒரு பெரிய கட்டடத்துக்குள் இவ்வளவு காலமும் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் தலைநிமிர்ந்து கூரையைப் பார்த்தவன் போல. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எதன்மேல் நிற்கிறது.

அப்படியென்றால் தாளில் என்ன எழுதுவது? பீற்றர் போனால் பொடியன் வருவான், வந்து பந்தை வெறும் தரைக்கு எறிவான், அங்கே வருவதற்கு ஒருவனுக்கும் வழியிருக்காது, வீணாய்ப் போகும், நாலு ஆட்டத்தில் அவனும் சாதாரணமாகிவிடுவான். பீற்றர் நின்றால் பொடியன் ஆனந்தராஜாவுக்கு, நாங்கள் இன்னொரு எட்டு ஆட்டம் தோற்போம், பீற்றர் யாருக்காக நிற்பான், விலகி ஓடத் தெரியாதவர்களுக்காக நின்று நின்று முதுகு முடிந்துபோகும். இன்னொரு வழி இருக்கிறதா, இருக்க வேண்டும், அடுத்த வருட முறை, அதற்கடுத்த வருட முறை… விற்று விற்றுத்தானே இந்த இடத்துக்கு வந்தது. மோர்டன் பிரதான வீதியைக் கடந்தது ஞாபகமில்லை. தேவாலய மண்டபம் வந்துவிட்டது, நாலுக்கு இன்னும் ஐந்து நிமிடம்.

மண்டபத்தின் பக்கவாசலில் அந்தப் பாரமான இரும்புக் கதவு திறந்திருந்தது, தீப்பிடித்தால் பரவாமல் மறிக்க வைத்த கதவு, விட்டால் தானாகப் போய் அடித்து மூடிக்கொள்ளும். நீள மேசையொன்றை நாலு பேர் பக்கவாட்டில் சரித்து உள்ளே கொண்டுபோனார்கள், பின்னால் ரோல்ஸ் பலகாரத் தட்டுகளோடு இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கதிரைகள். ஒருவரும் கதவைப் பார்க்கவில்லை. கதவும் சுவரும் சேர்கிற மூலையில் பீற்றர் நின்றான், கதவின் பாரம் முழுவதையும் முதுகில் வாங்கிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, மேசைக் கால் ஒன்று நெஞ்சில் இடித்துக்கொண்டு போனபோதும் அசையாமல். உள்ளே இருந்து ஆனந்தராஜாவின் குரல், "ஆரது, கஸ்பரே? வாரும் வாரும், தாளைக் கொண்டாரும்." அவருடைய கண் ஒருதரம் கதவுப்பக்கம் போய்த் திரும்பியதைக் கஸ்பர் கண்டார்.

"போங்கோ அண்ணை" என்றான் பீற்றர். "நான் பிடிச்சிருக்கிறன்."

கஸ்பர் போகவில்லை. தாள் வியர்த்த கைக்குள் நனைந்திருந்தது, மூன்றாவது வழியின் மை விரலில் ஒட்டியிருந்தது. பதினொரு வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் நின்று இந்த முகத்தைப் பார்த்ததில்லை என்று தோன்றியது, இடது புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு, அது எந்த ஆட்டத்தில், யாருக்காக நின்றபோது, கேட்க வேண்டும்போல இருந்தது, பின்னால் கதிரைகளோடு வந்தவர்கள் "அண்ணை, வழி, வழி" என்றார்கள், அவர் விலகாமல், உள்ளே போகவும் முடியாமல் வாசலின் நடுவில் அப்படியே நின்றார், அசையாமல் நிற்பது இவ்வளவு கடினமாக இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை.