கடைசி ஆள் போகட்டும்

பத்தாவது தேசிக்காயைப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான், அறைக்குள்ளிருந்து இருமல் கேட்டு வெகுநேரமாகிவிட்டதை முனவ்வறா உணர்ந்தாள். கையைத் துடைக்காமலே உள்ளே போனாள்.

மீராமுகைதீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். வீதி தெரியவேண்டும் என்று நேற்று அவரே கட்டிலை நகர்த்தச் சொல்லியிருந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. "இஞ்சருங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு அந்தக் கண்களை மூடிவிட்டாள். விரலிலிருந்த புளிச்சாறு இமையோரம் பட்டது. அவர் சிமிட்டவில்லை.

அறை வாசலில் நின்ற தங்கை றபீக்கா அழுகைக்கு வாயைத் திறந்தாள். முனவ்வறா எட்டி அந்த வாயைப் பொத்தினாள்.

அக்கரைப்பற்றில் ஆறு மணிக்குப் புறப்பட்ட மரதன் ஓட்டம் கல்முனைக்குப் போக இந்தச் சாய்ந்தமருது வீதியால்தான் வரும். பதினாறு மைல். மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், வாத்திமார், கரைவலை இழுக்கிறவர்கள் என்று முப்பது பேர். முதலாவது ஆளுக்கு ஒரு மணிக்கூடு, மற்றவர்களுக்குக் கைதட்டல். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் மீராமுகைதீன் பத்து வருடம் ஓடினார். பத்து வருடமும் கடைசி. இந்த எழுபத்தொன்பதாம் ஆண்டில்தான் நெஞ்சுநோவென்று டாக்டர் மறித்துவிட்டார். இதில் என்ன கிடைக்கிறது என்று அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"பத்து மைல் தாண்டினா உடம்பு நம்மட இல்ல, முனவ்வறா. ஆரோ தூக்கிக்கிட்டுப் போறமாதிரி இருக்கும்" என்றார்.

மூன்று வருடங்களுக்கு முன் நிந்தவூரில் வழியோரத்து வீடொன்றில் ஒருவர் மௌத்தாகிவிட்டாரென்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னதும், மரியாதைக்காக ஓட்டத்தை அங்கேயே நிறுத்தினார்கள். அவரும் ஜனாஸா அடக்கத்துக்குப் போனார். அன்று அஸர் தொழுதுவிட்டு, மிச்ச மைல்களை ஆளில்லாத வீதியில் தனியாக ஓடி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

"கடைசி ஆள் போகட்டும். அதுக்குப் பொறகு பள்ளிக்குச் சொல்லு" என்றாள் முனவ்வறா.

"மையித்த வெச்சிக்கிட்டு மறைக்கிறது பாவம் ராத்தா. புருசன் மௌத்து, நீ இப்ப இத்தாவில. ஆம்புளயளுக்கு முன்னால போகேலா."

"வேலிக்கு உள்ளதான் நிப்பன். கை மட்டும்தான் வெளிய போகும்."

போன வருடச் சூறாவளி தென்னைகளை முறித்துப்போனதால் வீதியில் நிழலே இல்லை. தார் வெயிலில் தண்ணீர்போல அசைந்தது. அந்த அசைவுக்குள்ளிருந்து ஓட்டக்காரர்கள் சத்தமில்லாமல் வந்தார்கள். முதலில் தலை, பிறகு தோள், கடைசியாகக் கால்கள். வேலிக்கு மேலால் தேசிக்காய்த் தண்ணீர்க் கோப்பை போனது, வெறுமையாய்த் திரும்பியது. சிலர் "மனேஜருக்குச் சலாம்" என்று மூச்சுக்கிடையில் சொன்னார்கள். ஒவ்வொருவரும் மறையும்போது, உள்ளே கட்டிலில் கிடப்பவரும் எழுந்து அவர்களுடன் கொஞ்சதூரம் போய்வருவதாக அவளுக்குத் தோன்றியது. றபீக்கா உள்ளே யாஸீன் ஓதத் தொடங்கியிருந்தாள், உதடு மட்டும் அசையும்படி.

ஒன்பது மணிக்குமேல், எல்லாரும் போனபிறகு, கனகரெத்தினம் வந்தார். காரைதீவுத் தச்சர், தினமும் விடியலில் மீராமுகைதீனோடு கடற்கரையில் ஓடிப் பழகியவர். ஒருநாளும் கடைசியாக வந்தவரல்ல.

"எங்க தங்கச்சி மனேஜர்? கட்டிலோடயாவது வாசலுக்கு வருவன் எண்டாரே."

"படுத்திருக்கார், அண்ணன்."

"படுக்கட்டும். இந்தமுற கடைசி நான்தான் எண்டு சொல்லுங்க. அவர்ர இடம் சும்மா கிடக்கப்படாது, என்ன?" சிரிக்கப்போய் இருமினார். ஒரு கோப்பையைக் குடித்தார். வாளித் தண்ணீரை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். "நிண்டு அவரப் பாத்திட்டே போறனே."

வேலிக்குள் முனவ்வறாவின் கை தென்னோலைக் கிடுகை இறுக்கிப் பிடித்தது.

"நிக்காதீங்க அண்ணன். ஓடி முடிச்சிட்டு வாங்க."

அந்தக் குரலில் எதையோ கேட்டவர்போல அவர் வேலியையே பார்த்தார். அவர் ஓடத் தொடங்கினார், முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக.

அவர் வளைவில் மறைந்ததும் றபீக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கு ஆள் அனுப்பப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். முனவ்வறா கிடுகின் இடுக்கால் வீதியைப் பார்த்தாள். தாரில் ஈரக் காலடிகள் கல்முனைப் பக்கம் போயிருந்தன. தூரத்திலிருந்தவை ஏற்கெனவே காய்ந்துவிட்டன. வாசலடியில் ஒன்று மட்டும், ஐந்து விரலும் தெரிய, இன்னும் ஈரமாக இருந்தது.