கையசைத்த ஊர்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காப்பி ஆறினால் ஆறட்டும். இன்று உங்களுக்கு ஒரு சன்னல் கண்ணாடியின் கதை வைத்திருக்கிறேன். கேட்கும்போது கோபம் வரும். வந்தால் அடக்க வேண்டாம்.

எங்கள் ஊரான ஓஸ்ட்மேரில் பிறந்த யெல்லேவுக்கு வலது உள்ளங்கையில் ரேகை கிடையாது. பத்தொன்பது வயதில் கப்பல் வேலைக்குப் பெயர் பதியப் போனபோது, அதிகாரி அவன் கையில் மை தடவி நான்கு தாள்களில் அழுத்திப் பார்த்தார். நான்கிலும் வழவழவென்று ஒரு கறுப்புத் திட்டுதான் விழுந்தது. "தம்பி, உன் கைய எங்க வெச்சுட்டு வந்த?" என்று கேட்டுவிட்டு, இடது கையைப் பதிந்துகொண்டு அனுப்பினார். அவர் விளையாட்டாகக் கேட்டது சரியான கேள்வி. யெல்லேயின் வலது கை ரேகை அப்போது ஊரில், சந்தைத் திடலைப் பார்த்த ஒரு வீட்டின் முன்சன்னலில் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் கை அளவுக்கு இருந்தது.

எங்கள் ஊரில் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. விளக்கேற்றிய பிறகும் போடுவதில்லை. தெருவில் போகிறவர் உங்கள் வீட்டு மேசையையும், மேசையில் உள்ள ரொட்டியையும், நீங்கள் யாரோடு பேசாமல் இருக்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொண்டே போகலாம். போகிறவர் கையசைப்பார், உள்ளே இருப்பவரும் கையசைப்பார். அதற்காக யாரும் நிற்பதில்லை. எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமைக்கு நாங்கள் கொடுத்த விலையைத்தான் இப்போது கேட்கப்போகிறீர்கள்.

அந்தச் சன்னல் வீட்டில் ஃபான் டெல்டன் என்ற புல்லாங்குழல் ஆசிரியர் இருந்தார். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரு வருஷமாவது குழல் ஊதியாக வேண்டும், அது வழக்கம். புதன்கிழமை பிற்பகலில் பள்ளி கிடையாது என்பதால் அன்றுதான் வகுப்பு. ஒரு பிள்ளை பின்னறையில் ஆசிரியரோடு இருக்கும்போது அடுத்த பிள்ளை முன்னறையில், சன்னலோரம் காத்து நிற்கும். யெல்லேவுக்கு வலது சுண்டுவிரல் பிறவியிலேயே கோணல். குழலின் கடைசித் துளையை அவனால் சரியாக மூட முடியாது. ஆசிரியர் வீட்டுக்கே வந்து, பையனுக்குத் தனியாகச் சொல்லித்தருகிறேன், கூலி வேண்டாம் என்றார். யெல்லேயின் அம்மா அவருக்கு ஆப்பிள் பணியாரம் செய்து கொடுத்தனுப்பினாள். பின்னறையில் நடந்ததை நான் சொல்லமாட்டேன். அது அவனுடையது. அவன் குழலைக் கால்வாயில் எறிந்தான், அதற்காக அடி வாங்கினான், மறு புதன்கிழமை புதுக் குழலோடு திரும்ப அனுப்பப்பட்டான் என்பது மட்டும் ஊர் அறிந்தது.

1977இல் ஃபான் டெல்டனும் இன்னும் ஆறு ஆண்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர், 'திறந்த சன்னல்'. எங்கள் வழக்கத்தையே எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். பெரியவர்கள் பிள்ளைகள்மேல் கொள்ளும் ஆசையை அன்பு என்று அழைக்க வேண்டும், அதைத் தடுக்கும் வயது வரம்பைச் சட்டத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. வெளிப்படையாகத்தான் கேட்டார்கள். விடுதலை, உரிமை, சம்மதம் என்று படித்தவர்களின் சொற்களாகவே பேசினார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொற்களைக் கேட்டால் பேராசிரியர்களும் வக்கீல்களும் எழுந்து நாற்காலி போட்டார்கள். மதகுப் பாலத்தைத் தனியாகக் கடக்க எட்டு வயதுப் பிள்ளையை விடாத ஊர் இது. நூலக அட்டைக்கே அப்பாவின் கையெழுத்து வேண்டும். அந்தப் பிள்ளை இதற்குச் சம்மதம் சொல்லுமாம். அதை ஒரு கொள்கை என்று தாளில் அச்சடித்தார்கள், நாங்களும் வாங்கிப் படித்தோம்.

மாதம் ஒருமுறை ஊர்மன்றத்து அறையைத் தங்களுக்குத் தர வேண்டும் என்று அவர்கள் விண்ணப்பித்தபோது கூட்டம் போட்டோம். எங்களுக்கு எதற்கும் கூட்டம் வேண்டும், கூட்டத்தில் எல்லோரும் பேசியாக வேண்டும், பேசியபின் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். தலைக்கு ஒரு காப்பி, ஒரு பிஸ்கட், பிறகு டப்பாவை மூடிவிடுவார்கள். ரொட்டிக்கடை கோரி எழுந்து, "எனக்கு வயித்தக் கலக்குது சார்" என்றாள். மன்ற உறுப்பினர் பூர்மா, "உங்க வயித்த வெச்சு நான் தீர்மானம் எழுத முடியாதே கோரி" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர், "எனக்கும்தான் பிடிக்கல. ஆனா அந்த மனுஷன் ஒருநாளாவது திரை போட்டிருக்காரா? திரை போடாதவர்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்றார். நாங்கள் தலையாட்டினோம். அறை கொடுக்கப்பட்டது. கோரி தன் பிஸ்கட்டைத் தொடாமல் எழுந்து போனாள்.

1979 மார்ச் மாதம் சங்கத்தின் முதல் இதழ் வந்தது. அதில் ஃபான் டெல்டன், தன் அனுபவத்தில் எந்தக் குழந்தைக்கும் இதனால் துன்பம் நேர்ந்ததில்லை என்று எழுதியிருந்தார். அன்று காலை பத்து மணிக்கு அவர் வீட்டு முன்சன்னலில் முதல் கைத்தடம் வந்தது. அதைப் பார்த்தவள் யெல்லேயின் அக்கா ரென்ஸ்கே. திடலைச் சுற்றியுள்ள வீடுகளுக்குச் சன்னல் கழுவுவது அவள் தொழில். வெளியில் துடைத்தாள், போகவில்லை. உள்ளே போய்த் துடைத்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டியபோதுதான் தடம் கண்ணாடிக்கு மேலே இல்லை, கண்ணாடிக்குள்ளே இருக்கிறது என்று தெரிந்தது. சிறிய உள்ளங்கை, சுண்டுவிரல் கோணல். ரென்ஸ்கே ஏணியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

யெல்லேவுக்கு அப்போது பதினெட்டு. வீட்டில் இருந்தாலும் வீட்டு மேசையில் சாப்பிடாதவன். கொல்லையில் சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"உன் கை அந்த வீட்டுக் கண்ணாடில இருக்குடா" என்றாள்.

அவன் காற்றடிப்பதை நிறுத்தவில்லை. "அங்கதான் வெச்சேன்."

"எதுக்கு வெச்ச?"

"வேற என்ன செய்யணும்? பின்னறைலேர்ந்து அவர் கூப்புடுறதுக்கு முன்னாடி வெளில யாராச்சும் பாப்பாங்களான்னு வெச்சேன். பாத்தாங்க. எல்லாரும் பாத்தாங்க. கோரிம்மா கைய ஆட்டிட்டுப் போனாங்க. போஸ்ட்காரர் ஆட்டினாரு." சக்கரத்தை அழுத்திப் பார்த்தான். "ஒருநாள் நீகூட ஆட்டின அக்கா. சிவப்புக் கோட்டு போட்டுருந்த."

அந்தச் சிவப்புக் கோட்டை ரென்ஸ்கே அன்றே எரித்தாள். மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனாள். கண்ணாடியில் உள்ள கை குழந்தையின் கை, உங்கள் தம்பி வளர்ந்துவிட்டான், புகார் கொடுக்க வேண்டிய காலமும் கடந்துவிட்டது என்று மரியாதையாகச் சொன்னார்கள், காப்பியும் கொடுத்தார்கள். அவள் அடுத்த புதன்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு ஃபான் டெல்டன் வீட்டுச் சன்னலுக்கு ஏணியைச் சாத்தி, ஏறி நின்று, உள்ளே பார்த்தபடி ஐந்து மணிவரை கழுவினாள். அதற்கடுத்த புதனும் கழுவினாள். மழையில் கழுவினாள், வாளித் தண்ணீர் உறைந்த தைமாதக் குளிரில் உப்புப் போட்டுக் கழுவினாள்.

"கண்ணாடி சுத்தமாத்தானே இருக்கு ரென்ஸ்கே" என்றார் ஃபான் டெல்டன், வாசலில் நின்று.

"இல்ல சார். கறை உள்ள இருக்கு."

"நான் உன்ன வரச்சொல்லலையே."

"நான் கூலி கேக்கலையே சார். நீங்களும் அப்படித்தான சொல்லிக்குடுத்தீங்க?"

மூன்றாவது மாதம் தாய்மார் பிள்ளைகளைக் குழல் வகுப்பிலிருந்து நிறுத்தத் தொடங்கினார்கள். யாரும் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. ஒருவருடைய பிள்ளைக்குப் பல்வலி, ஒருவருக்குக் கணக்குப் பாடம் முக்கியம். ஆறு மாதத்தில் வகுப்பு நின்றது. அவள் கழுவுவதை நிறுத்தவில்லை, அவர் ஊரைவிட்டுப் போகும்வரை ஏழு வருஷம் கழுவினாள்.

சங்கத்தின் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு கைத்தடம் கூடியது. ஃபான் டெல்டன் மூன்று முறை கண்ணாடியை மாற்றினார். கண்ணாடிக்காரர் டிர்க் மாட்டிவிட்டுக் கருவிகளை மடிப்பதற்குள் தடங்கள் புதுக் கண்ணாடிக்கு வந்துவிடும். "சரக்குல குறையில்ல சார், வீட்டுலதான் குறை" என்றார் டிர்க், நான்காம் முறை வர மறுத்துவிட்டார். வளர்ந்த ஆண்களும் பெண்களும் வெளியூர்களிலிருந்து வந்து திடலில் நிற்பார்கள், கண்ணாடியை ஒரு தடவை பார்ப்பார்கள், தங்கள் கையை ஒரு தடவை பார்ப்பார்கள், போய்விடுவார்கள். தடங்கள் பத்தொன்பது ஆன அன்று ஃபான் டெல்டன் திரை வாங்கி மாட்டினார். சாம்பல் நிறம், தரைவரை தொங்கியது. அப்போதுதான் ஊருக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது குழந்தைக் கைகளைப் பார்த்து வராத கோபம் ஒரு துணியைப் பார்த்து வந்தது. பூர்மாகூட வாசலில் நின்று கத்தினார். எங்கள் நேர்மை அவ்வளவுதான் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். திரை வந்ததும் சங்கத்துக்குக் கொடுத்த மன்றத்து அறையும் பறிபோயிற்று. ஃபான் டெல்டன் மாகாணத்தின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில், எண்பத்து மூன்று வயதில், பட்டாணிச் சூப் குடித்துக்கொண்டிருக்கையில் இறந்தார். ஒருநாள்கூடச் சிறையில் இருந்ததில்லை. இதை ஆற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அவர் போனாலும் சங்கம் போகவில்லை. வேறு ஊரில் வேறு ஆட்கள் எடுத்து நடத்தினார்கள், தாளை விட்டுக் கணினிக்குப் போனார்கள், ஆதரித்த பேராசிரியர்கள் ஒவ்வொருவராக அதை மறந்துபோனார்கள். இதழ் நின்றபோது தடங்கள் இருபத்து மூன்று. ரென்ஸ்கே வீடு வீடாக ஏறி அந்த இருபத்து மூன்று பேரையும் தேடிக் கண்டுபிடிக்க முப்பது வருஷம் ஆயிற்று. 2012இல் அரசு வக்கீல் சங்கத்தைக் கலைக்கக் கோரி வழக்குப் போட்டபோது, ரென்ஸ்கேயும் டிர்க்கும் அந்த வீட்டுக் கண்ணாடியை மரச்சட்டத்தோடு கழற்றி, கம்பளி சுற்றி, படகில் ஏற்றிக் கால்வாய் வழியாக நீதிமன்றம் கொண்டுபோனார்கள். நீதிமன்றம் அதை எண்ணிட்டு வாங்கிக்கொண்டது. ரேகை நிபுணர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தடம் உண்மையானது என்றும், அது அங்கே இருப்பதால்தான் சாட்சியின் கையில் இல்லை என்றும் இரண்டு வரியில் அறிக்கை கொடுத்தார்.

சங்கத்தின் வக்கீல் நல்ல பேச்சாளர். சங்கம் பேசியதே தவிர எதையும் செய்ததில்லை என்றார். பேசுகிறவனுக்கு நாற்காலி, அடிபடுகிறவனுக்குத் தரை என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். வக்கீல் யெல்லேயின் பக்கம் திரும்பினார்.

"சன்னல்ல நின்னு ரோட்டுல போறவங்களுக்குக் கையசைச்சிருக்கீங்க. கலகலப்பான பையன்னுதானே சார் அர்த்தம்?"

யெல்லேவுக்கு ஐம்பத்தொரு வயது. இழுவைப் படகில் எந்திரம் பார்த்துப் பார்த்துக் காது மந்தம். கேள்வியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"நான் அசைக்கல" என்றான். "வெச்சேன்." பிறகு வக்கீலை விட்டுவிட்டு, பின் இருக்கைகளில் நெருங்கி உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தான். "அசைச்சது இவங்க."

கோரிக்கு அப்போது தொண்ணூறு. அவள் எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து ஓஸ்ட்மேர் முழுவதும் எழுந்து நின்றது. நீதிபதி உட்காரச் சொல்லவில்லை.

சங்கம் கலைக்கப்பட்டது. மேல்முறையீடு செய்தார்கள், அங்கேயும் கலைக்கப்பட்டது. கண்ணாடி ஊருக்குத் திரும்பி வந்து மன்றத்து முன்சன்னலில் மாட்டப்பட்ட அன்று இருபத்து மூன்று பேரும் வந்தார்கள். கையை வைத்தால் தடம் கைக்குத் திரும்பிவிடும் என்பது முதல் பெண் வைத்தபோதே தெரிந்தது. அவள் எடுத்த இடத்தில் கண்ணாடி தெளிந்தது. அவள் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, டிர்க் தோளில் சாய்ந்து அழுதாள். பன்னிரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டது நல்லது. பத்துப் பேர் இன்றைக்கு வேண்டாம் என்றார்கள், அதுவும் நல்லது.

யெல்லே கடைசியில் வந்தான். கையைக் கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தள்ளியே நிறுத்தினான்.

"வைடா தம்பி" என்றாள் ரென்ஸ்கே. முப்பத்தைந்து வருஷமாக அவள் வேண்டியது அவன் கை அவனுக்குத் திரும்புவது ஒன்றைத்தான்.

"வேணாம் அக்கா. எல்லாரும் எடுத்துட்டா அப்படி ஒண்ணுமே நடக்கலன்னு எவனாச்சும் மறுபடி சங்கம் வெப்பான். எனக்கு இடது கை போதும்."

அவள் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து, அவன் தடத்தைச் சுற்றிக் கழுவினாள். அவளுக்கு முட்டி போய்விட்ட பிறகு கோரியின் பேத்தி கழுவுகிறாள். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி, புதன்கிழமை கண்ணாடி, சனிக்கிழமை சந்தை. பதினொரு கைகள் அங்கே இருக்கின்றன. புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ சித்திரம் என்று நினைத்துக் கேட்பார்கள், நாங்கள் சொல்வோம், அவர்கள் காய்கறி வாங்கப் போவார்கள். ஊரில் இப்போதும் திரை கிடையாது. ஆனால் ஒரு பிள்ளை சன்னலில் கையை வைத்தால் யாரும் கையசைப்பதில்லை. நின்று, போய், அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். பெரும்பாலும் பிள்ளை விளையாட்டுக்குத்தான் வைத்திருக்கும். வீட்டுக்காரர் பிஸ்கட் டப்பாவை நீட்டுவார், ஒன்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

எழுந்திருங்கள் கண்ணுகளா, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டுச் சன்னலில் பதிகிற பிஞ்சுக் கையெல்லாம் விளையாட்டுக் கையாகவே இருக்கட்டும், ஈரத்துணியால் ஒரு இழுப்பில் போகட்டும். போகாத தடம் ஒன்று என்றைக்காவது பதிந்தால், அன்றைக்கே உங்கள் வாசலில் ஒருத்தி நின்று கதவைத் தட்டட்டும், திறக்கும்வரை தட்டட்டும்.