டேஷ்போர்டுப் புத்தகங்கள்

தங்கச்சியின் ஜப்பானிய வகுப்புக்காக முதலாளியிடம் நான் வாங்கிய கடன் அறுபத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது. கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டே வாங்கினேன். அந்தக் கையெழுத்தைச் சொல்லிக்கொடுத்ததும் தங்கச்சிதான்.

எனக்கு வண்டி உடைக்கிற யார்டில் வேலை. ஜப்பானில் ஓடி முடித்த கார்களும் வேன்களும் கண்டெய்னரில் வந்து இறங்கும். இன்ஜின், கியர்பாக்ஸ், கதவு, கண்ணாடி என்று கழற்றித் தனித்தனியாக அடுக்க வேண்டும். முப்பத்தெட்டு வயது வரை எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பெட்டிமேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அடுத்தவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த தங்கச்சி, யார்டின் பழைய பில் புத்தகத்தை வைத்தே எனக்கு எழுத்துக் காட்டினாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் ‘பிரேக்’. ‘அம்மா’ எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழி தெரிந்தால் போதும் என்று ஒரு ஏஜென்சி விளம்பரம் போட்டிருந்தது. முப்பத்திரண்டு வயது முடிந்தவர்களை எடுக்க மாட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது. “அண்ணா, ஒரு தடவ போயிட்டு வந்துட்டா யார் வீட்டுலயும் ஓரமா நிக்க வேண்டாம்ணா” என்றாள். என் வீட்டைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மறுநாளே கடனுக்குப் போய் நின்றேன்.

வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாதம் டீச்சர் ஒரு சீட்டில் இரண்டு புத்தகங்களின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஒன்று சொற்களுக்கு: உடம்பு, வலி, குளியல், சாப்பாடு, மருந்து என்று முதியோரைப் பார்த்துக்கொள்ளத் தேவையான சொற்கள் படத்தோடு இருக்குமாம். இன்னொன்று வாசிப்பதற்கு. கரடி முயல் கதை வளர்ந்தவர்களுக்கு அலுத்துவிடும், செய்தித்தாளோ பல்லை உடைக்கும். இது எளிய சொற்களில் பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்கிற புத்தகமாம். கஷ்டமான எழுத்துக்கு மேலே உச்சரிப்பைக் குட்டி எழுத்தில் போட்டிருக்குமாம்.

சீட்டை எடுத்துக்கொண்டு புத்தகக் கடைக்கு நான்தான் போனேன்.

“ரெண்டும் சேர்த்து மூவாயிரத்து எண்ணூறு. ஆர்டர் குடுத்தா மூணு வாரத்துல வரும்” என்றார் கடைக்காரர்.

“பழசா ஏதாச்சும் கிடைக்குங்களா?”

“ஜப்பான் புத்தகத்த இங்க யாருங்க படிச்சுப் பழசாக்குனது?”

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் ஒரு வேனின் டேஷ்போர்டைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே தடியாக ஒரு புத்தகம், முழுக்க ஜப்பானிய எழுத்து. எல்லா வண்டியிலும் இப்படி ஒன்று இருக்கும். வண்டியை எப்படி ஓட்டுவது, எதை எப்போது மாற்றுவது என்று எழுதியிருப்பார்கள். நாங்கள் அதைக் காகித மூட்டையில் வீசுவோம். அந்த வாரம் நாற்பத்து மூன்று புத்தகங்களைச் சாக்கில் கட்டி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

“அண்ணா, இது வண்டி புத்தகம்லண்ணா?”

“இருந்தா என்ன? எழுத்து எழுத்துதானே. நான் பில்லப் பாத்துப் படிச்சு ஆளாகலையா?”

“டீச்சர் வேற சொன்னாங்க...”

“டீச்சருக்கென்ன, அவங்க காசா?”

அவள் சாக்கைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். “சரிண்ணா” என்றாள். கடன் வாங்கிக் கொடுத்தவனிடம் அதற்குமேல் என்ன சொல்வாள்?

கெட்டிக்காரி. கீறல் விழுந்த போனின் கேமராவை எழுத்துக்கு நேரே பிடித்து அர்த்தம் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், மறுபடி புத்தகத்தில் தேடுவாள். வகுப்பில் கொடுத்த சொல் பட்டியல் வெறும் மனப்பாடம், நாலு நாளில் ஆவியாகிவிடும். வண்டிப் புத்தகத்தில் ஒரே சொல் பத்து இடத்தில் திரும்பத் திரும்ப வருவதால் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். தேய்மானம், கசிவு, எச்சரிக்கை, மாற்றவும், இறுக்கவும். ஆறு மாதத்தில் ஒரு பக்கத்தைத் தடுக்காமல் வாசித்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். யார்டில் எல்லாரிடமும் சொன்னேன்.

“கெழவருக்கு இடுப்பு புடிச்சிக்கிட்டா உன் தங்கச்சி ஜாக்கி வெச்சுத் தூக்குமாய்யா?” என்றார் கேஸ் கட்டரால் தகடு அறுக்கிற கட்டர்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

இப்போது யோசித்தால் தெரிகிறது. அந்த நாற்பத்து மூன்று புத்தகங்களில் யாருக்கும் பசிக்கவில்லை. யாரும் அழவில்லை. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நேர்முகம் ஏஜென்சி ஆபீஸில் கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் அவள் ஒருத்தி. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன கேட்டார்கள் என்றேன்.

“ஒரு தாத்தா முழங்கால் வலிக்குதுன்னு சொல்றாரு, நீங்க என்ன கேப்பீங்கன்னு கேட்டாங்க. முழங்காலுக்கு என்ன சொல்லுன்னே எனக்கு ஞாபகம் வரலண்ணா. பட்டியல்ல இருந்துச்சு. ஒரு தடவ பாத்ததோட சரி.”

“அப்புறம்?”

“வாய்ல வந்தத சொன்னேன். சத்தம் வருதா, எப்பலேர்ந்து வருது, தேஞ்சிருந்தா மாத்திடலாம்னு சொன்னேன்.”

“சிரிச்சாங்களா?”

“மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அந்தம்மா எங்க படிச்சீங்கன்னு ரொம்ப அன்பா கேட்டாங்க.” செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தாள். “அந்த அன்பத்தாண்ணா தாங்க முடியல.”

பத்தாம் நாள் முடிவு வந்தது. அடுத்த நேர்முகம் ஒரு வருஷம் கழித்து. அதற்கு வகுப்புப் பணத்தை முதலிலிருந்து கட்ட வேண்டும். முதலாளியிடம் கேட்டேன். “பழச முடிப்பா, அப்புறம் பேசலாம்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மூவாயிரத்து எண்ணூறு மிச்சம் பிடித்தவன் நான். அந்தச் சீட்டு அப்போதும் என் சட்டைப் பையில் மடிப்பு கிழிந்து கிடந்தது.

இதற்குள் கட்டர்காரர் வாய் சும்மா இல்லாமல் என் தங்கச்சி வண்டிப் புத்தகம் வாசிக்கிற கதையை முதலாளி காதில் போட்டுவிட்டார். ஒவ்வொரு வண்டியோடும் அதன் பழுதுகளை எழுதிய ஜப்பானியத் தாள் ஒன்று வரும். அதை வாசிக்க முதலாளி வெளி ஆளுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அவள் கடகடவென்று வாசித்தாள். முதலாளி கண்ணை அகல விரித்து, “நாளைக்கே வந்துடும்மா” என்றார். அவள் சம்பளத்தில் மாதம் இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து கடனுக்குப் பிடித்தம்.

“உன் சம்பளத்துல புடிக்க வேணாம்ணா, வீடு ஓடணும். எனக்கு வாங்கின கடன நானே அடைக்கிறேன்” என்றாள். இருபத்தாறு மாதக் கணக்கை நான் விரல்விட்டு எண்ணினேன். அவள் வயதையும் சேர்த்து எண்ணினேன். அவளும் எண்ணியிருப்பாள்.

யார்டில் இன்னொரு வழக்கம் உண்டு. டேஷ்போர்டில் புத்தகம் தவிர வேறு காகிதங்களும் கிடக்கும். ஆஸ்பத்திரி அட்டை, மருந்து உறை, கடைக்குப் போகும்போது எழுதிய சீட்டு. பெயர் விலாசம் உள்ளது எதுவும் வெளியே போகக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. சனிக்கிழமை தோறும் அவற்றை எண்ணெய் டிரம்மில் போட்டுக் கொளுத்துவது என் வேலை. அவள் வேலைக்கு வந்த நாலாம் வாரம், கொளுத்துவதற்கு முன்னால் டிரம்முக்குள் கையை விட்டு ஒரு மருந்து உறையை எடுத்தாள். நின்றபடியே வாசித்தாள்.

“என்ன போட்டிருக்கு?”

“முழங்கால் வலி மாத்திரையாம். சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு வேள. படி ஏறும்போது மெதுவாவாம், பேனால எழுதியிருக்காங்க.” உறையைத் திருப்பிப் பார்த்தாள். “எத்தன வருஷமாண்ணா இதெல்லாம் கொளுத்துற?”

“பதினொண்ணு.”

அவள் உறையை டிரம்மிலேயே போட்டாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது.

அதன்பின் அவள் வீட்டில் ஜப்பானியப் புத்தகத்தைத் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த சாக்கில் கரையான் ஏறியது. நோட்டை மட்டும் யார்டு மேஜையில் வைத்திருந்தாள், தாள் வாசிக்க உதவும் என்று.

அவளுக்கு முப்பத்திரண்டு முடிந்து ஐந்தாவது வாரம் கடைசித் தவணை வந்தது. முதலாளி கடன் நோட்டைப் பிரித்து, எழுதியிருந்த தொகையின்மேல் ஒரு கோடு இழுத்து, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். என் பெயர் இப்போது கோணாமல் வருகிறது.

“அடுத்ததுக்கு வேணும்னா சொல்லுப்பா, தர்றேன்” என்றார் முதலாளி. நல்ல மனசோடுதான் சொன்னார்.

மேஜையிலிருந்த தங்கச்சி தலை நிமிரவில்லை. “வேணாங்க” என்றாள். “இதோட தீர்ந்துச்சு.”